கை சொன்னது வழக்கேட்டில் ஏற வேண்டுமானால்

காது கேளாத சாட்சி அரை மணி நேரம் கைகளால் சொன்னதில் ஒரு சைகைகூட வழக்கேட்டில் இருக்காது. பக்கத்தில் நின்றவர் அதைத் தமிழில் என்னவென்று சொன்னாரோ அதுதான் தட்டச்சாகும். நாளைக்கு வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனால், அங்கே இருக்கும் நீதியரசர்கள் வாசிப்பதும் அதைத்தான். ஆகவே கோட்டுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய வேலை முழுவதும் ஒன்றைச் சுற்றியது: கைக்கும் எழுத்துக்கும் இடையில் எதுவும் சிந்திவிடாமல் பார்த்துக்கொள்வது.

இதை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படியானவரைக் கூட்டிப் போகிறவர்களுக்காக எழுதுகிறோம். தாய் தகப்பன், பாடசாலை ஆசிரியர், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர், முதன்முதலாக இப்படியொரு வழக்கைக் கையில் எடுக்கும் இளம் சட்டத்தரணி என்று யாராகவும் இருக்கலாம்.

அவருடைய மொழி எது

"சைகை தெரிந்த ஒருவரைக் கொண்டு வாங்கோ" என்று சொல்வது, "வாய் பேசுகிற ஒருவரைக் கொண்டு வாங்கோ" என்பது போலத்தான். எந்த மொழி என்று தெரியாமல் ஆளைத் தேட முடியாது. முதலில் நான்கு விடயங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பாடசாலையில், எத்தனை வருடம் படித்தார்? வீட்டில் யாரோடு எப்படிக் கதைக்கிறார்? எத்தனை வயதில் காது கேட்காமல் போனது? காது கேளாத நண்பர்கள் இருக்கிறார்களா?

காது கேளாதோர் பாடசாலையில் சில வருடமாவது இருந்தவருக்கு இலங்கைச் சைகை மொழி இருக்கும். ஆனால் பாடசாலைக்குப் பாடசாலை சைகைகள் வேறுபடும். கைதடியில் படித்தவரின் சைகைக்கும், சிங்கள மொழிமூலப் பாடசாலையில் படித்தவரின் சைகைக்கும், மட்டக்களப்பிலேயே படித்தவரின் சைகைக்கும் இடைவெளி உண்டு. விரலெழுத்து தமிழா சிங்களமா என்பதும் பாடசாலையைப் பொறுத்தது. அதனால்தான் பாடசாலையின் பெயரை முதல் கேள்வியாக வைத்தோம்.

பாடசாலையே போகாதவர் இன்னொரு வகை. போர்க்கால இடம்பெயர்வுகளோடு வளர்ந்த தலைமுறையில் இப்படியானவர்கள் நிறையப் பேர். இவர்களிடம் இருப்பது வீட்டுச் சைகை. தாயும் சகோதரியும் அயலாரும் அவரும் சேர்ந்து வருடக்கணக்கில் உண்டாக்கிக்கொண்டது. அது குறைந்த மொழி அல்ல, தெரிந்தவர்கள் குறைந்த மொழி. பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தாலும் இவர் முன்னால் பாதி வழியில் நின்றுவிடுவார். அப்போது இருவர் வேண்டும்: சைகை மொழி நன்றாகத் தெரிந்த காது கேளாதவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் கேட்கக்கூடிய மொழிபெயர்ப்பாளர். வீட்டுச் சைகையை முன்னவர் சைகை மொழியாக்குவார், பின்னவர் அதைத் தமிழாக்குவார். காது கேளாதவர்கள் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்வதில் காட்டும் சாமர்த்தியம் எங்கள் யாருக்கும் வராது. நீதிமன்றத்தில் இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டும்.

முப்பது வயதுக்கு மேல் காது கேட்காமல் போனவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்து நிறுத்துவது வீண். அவருக்கு வேண்டியது எழுத்து. கேள்வியை மடிக்கணினியில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து காட்டினால் போதும், அவர் வாயாலேயே பதில் சொல்வார்.

"அவருக்கு வாசிக்கத் தெரியும்" என்று வீட்டார் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு தாளில் "நேற்று உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்?" என்று எழுதிக் கொடுங்கள். ஆளின் பெயரை எழுதினால் வாசிக்கிறார். அதே வரியை அழகாகப் பார்த்தெழுதித் திருப்பித் தந்தாலோ, தலையாட்டிச் சிரித்தாலோ வாசிப்பு இல்லை என்று அர்த்தம். அடுத்ததாக இந்த இரண்டு வரிகளையும் காட்டுங்கள்:

ரவி குமாரை அடித்தான்.
ரவியைக் குமார் அடித்தான்.

அடித்தவரைச் சுட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறவியிலேயே காது கேளாத பலர் இரண்டிலும் ரவியையே காட்டுவார்கள். தமிழில் யார் யாரை என்பதை முடிவு செய்வது ஒரு சின்ன ஐகாரம். அதைக் காதால் கேட்டு வளராதவருக்கு அது கண்ணில் படுவதில்லை. இந்தச் சோதனையில் தவறுகிறவரிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கினால், அடிபட்டவரே அடித்தவராக மாறிப் போக எல்லா வாய்ப்பும் உண்டு.

உதட்டைப் பார்த்து விளங்கும் என்பதும் இதே மாதிரியான நம்பிக்கைதான். "மாடு" என்று சொல்லிவிட்டு "பாடு" என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். பணமும் மணமும் அப்படித்தான், பாலையும் மாலையும் அப்படித்தான். ககரம் தொண்டைப் பக்கமாகவே போய்விடும், வெளியே தெரியாது. வீட்டில் தாயின் உதட்டை வாசிப்பவர் பாதியை ஊகித்துத்தான் வாசிக்கிறார். குறுக்கு விசாரணையில் ஊகிக்க விடக்கூடாது.

சட்டத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது

முதன்மையானது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு. பேச முடியாத சாட்சி, எழுத்தாலோ சைகையாலோ, விளங்கக்கூடிய வேறு எந்த விதத்திலோ சாட்சியம் சொல்லலாம். ஒரே நிபந்தனை, எழுதுவதும் சைகை செய்வதும் திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும். அப்படிச் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். அதற்கு முந்திய 118ஆம் பிரிவின்படி, கேள்வியை விளங்கி ஏற்ற பதில் சொல்லக்கூடிய எவரும் சாட்சி சொல்லத் தகுதியானவர். காது கேளாமை தகுதியின்மை அல்ல.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் கை கொடுக்கும். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை உள்நாட்டில் செயற்படுத்தும் சட்டம் அது. வழக்கு நடக்கும் மொழியை விளங்கவோ பேசவோ முடியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவி உண்டு என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. 'விளங்கவோ பேசவோ முடியாத' என்ற அந்தச் சொற்கள் காது கேளாதவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையைப் பலர் உடனே எடுப்பார்கள். எடுங்கள், ஆனால் அதன் சொற்களைக் கவனித்து எடுங்கள். நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று அது சொன்னாலும், சிங்களத்துக்கோ தமிழுக்கோ மொழிபெயர்ப்பது என்றுதான் சொல்கிறது. சைகை மொழி அதில் பெயரோடு இல்லை. அதனால் 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தையும், 13(3)இன் நியாயமான விளக்கத்தையும் (அதாவது வழக்கு விசாரணையையும்), 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும், இலங்கை 2016 பெப்ரவரியில் பின்னுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 13ஆம் உறுப்புரையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நடைமுறையில் 119ஆம் பிரிவு ஒன்றைக் காட்டினாலே அதிகம் விளக்க வேண்டி வராது. அது 1895ஆம் ஆண்டின் சட்டம், யாருக்கும் புதிதல்ல.

பொலிஸில் தொடங்குகிறது

வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அல்ல, முதலாவது வாக்குமூலத்தில். இரவு எட்டு மணிக்குக் காவல் நிலையத்தில் யார் கையில் அகப்படுகிறாரோ அவர்தான் அன்றைய மொழிபெயர்ப்பாளர். அண்ணனாக இருக்கலாம், முச்சக்கரவண்டிக்காரராக இருக்கலாம். மாதக்கணக்கில் கழித்து நல்ல மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சாட்சி வேறு விதமாகச் சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த முதல் வாக்குமூலத்தை எடுத்து நீட்டுவார். "முன்னுக்குப் பின் முரண்" என்று சாட்சியின் தலையில் விழும். முரண் மொழிபெயர்த்தவர்களுடையது என்பதை நிறுவ, யார் எப்படி மொழிபெயர்த்தார் என்பது அன்றைக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதனால் வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே இவற்றை எழுதுவியுங்கள்: சொல்பவர் காது கேளாதவர் என்பது, சைகையாலா எழுத்தாலா சொன்னார் என்பது, மொழிபெயர்த்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொல்பவருக்கு அவர் என்ன உறவு, சைகை எப்படிக் கற்றார் என்பது. தகுந்த ஆள் அன்றிரவு கிடைக்காவிட்டால், "மொழிபெயர்ப்பாளர் வந்த பின் மேலதிக வாக்குமூலம் பெறப்படும்" என்ற ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

சொத்துத் தகராறிலோ, குடும்ப வன்முறையிலோ, பாலியல் குற்றத்திலோ வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடவே கூடாது. குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருக்கலாம், அல்லது மானம் போய்விடும் என்று தாயே பாதியை விழுங்கிவிடலாம். பெண் பிள்ளையானால் சிறுவர், பெண்கள் பிரிவில் வைத்து, பெண் மொழிபெயர்ப்பாளரோடு எடுக்கும்படி கேளுங்கள்.

எழுதி முடிந்ததும் சொன்னவருக்கு அதைத் திருப்பி விளக்கித் திருத்தச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் முதலில் தமிழுக்கு, பிறகு சைகைக்கு என்று இரண்டு படி. அவர் தலையாட்டினார் என்பதற்காகக் கையெழுத்து வாங்க விடாதீர்கள். "இதில் உங்களை யார் அடித்ததாக எழுதியிருக்கிறது?" என்று ஒரு கேள்வியை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டுப் பதில் சரியாக வந்த பிறகு போடட்டும்.

கைது செய்யப்பட்டவர் காது கேளாதவரானால் இன்னொன்று. கைகளைப் பின்னால் சேர்த்து விலங்கிட்டால் அது வாயைத் துணியால் கட்டியதற்குச் சமம். விசாரிக்கும் நேரத்திலாவது கழற்றச் சொல்லிக் கேளுங்கள். விலங்கோடு கேட்கப்பட்டிருந்தால் அந்த விபரத்தைச் சட்டத்தரணியிடம் சொல்லி நீதவான் முன் முதல் நாளே பதியச் செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு விண்ணப்பிப்பது

நீதிமன்ற முதலியார் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இருக்கும் மொழிபெயர்ப்பாளர். சைகைக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். இந்தப் பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள் கை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், அவர்களுக்கும் பாடசாலை வேலை உண்டு. வழக்குத் தவணைக்கு இரண்டு நாள் முந்தித் தேடினால் கிடைக்க மாட்டார்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னதாகச் சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (மன்றிடம் எழுத்தில் கொடுக்கும் வேண்டுகோள்) போடுங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். ஆளைத் தேட வேண்டிய இடங்கள்: பிரதேச செயலகச் சமூக சேவைப் பிரிவு, காது கேளாதோர் பாடசாலைகள், காது கேளாதோர் சங்கங்கள்.

பத்திரத்தில் "சைகை மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று ஒற்றை வரி போட்டால், அன்றைக்கு யாராவது ஒருவர் வந்து நிற்பார். இந்த மாதிரி எழுதலாம்:

"இவ்வழக்கின் 2ஆம் சாட்சி பிறவியிலேயே செவிப்புலனற்றவர். இவர் தமிழ்ப் பாடசாலையில் 4 வருடங்கள் சைகை மொழி கற்றவர். எழுத்துத் தமிழை விளங்கி வாசிக்கும் ஆற்றல் குறைந்தவர். எனவே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவின் கீழ் சைகையால் சாட்சியமளிக்க (1) எத்தரப்புக்கும் உறவினரல்லாத, தமிழ் வழிச் சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அரச செலவில் அழைக்குமாறும், (2) சாட்சியத்துக்கு முன்னர் அவர்கள் ஒருவரை ஒருவர் விளங்குகிறார்களா என்பதை மன்று பரிசோதிக்குமாறும், (3) 30 நிமிடங்களுக்கு ஒரு முறை இடைவேளை வழங்குமாறும், (4) சாட்சியின் சைகைகளை மன்றின் காவலில் இருக்கும் காணொளியாகப் பதிவு செய்ய அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்."

நான்காவதுதான் பெரிய வேண்டுகோள். எல்லா நீதவானும் அனுமதிப்பார் என்றில்லை, ஆனால் கேட்டுப் பதிந்திருப்பது பிறகு உதவும். அனுமதி இல்லாமல் உங்கள் தொலைபேசியில் ஒரு வினாடிகூடப் பதியாதீர்கள், அது தனி வில்லங்கம்.

அரச செலவில் என்பதை விடவே வேண்டாம். ஒரு தரப்புப் பணம் கொடுத்துக் கூட்டி வந்த மொழிபெயர்ப்பாளரை மற்றத் தரப்பு முதல் கேள்வியிலேயே வீழ்த்திவிடும். பஸ் காசு கொடுத்திருந்தாலும் அதைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளரும் சத்தியக் கட்டளைச் சட்டத்தின்படி சத்தியம் அல்லது உறுதியுரை எடுக்க வேண்டும். எடுக்காமல் தொடங்கினால் அங்கேயே நிறுத்திச் சுட்டிக் காட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் காது கேளாதவரானால் வேலை இரட்டிப்பு: மற்றச் சாட்சிகள் சொல்வது, சட்டத்தரணிகள் வாதாடுவது, நீதவான் கட்டளையிடுவது எல்லாம் அவருக்குச் சைகையில் போக வேண்டும். தன் சாட்சியத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பு, மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பது விளக்கத்தில் பங்குபற்றுவது ஆகாது.

கோட்டுத் தமிழ் செய்யும் குழப்பம்

பாடசாலையில் பிள்ளைகளோடு அருமையாகக் கதைக்கும் ஆசிரியரும் கோட்டில் வழுக்கி விழுவது இங்கேதான். எங்கள் நீதிமன்றத் தமிழ் தனி மொழி.

'எதிரி' என்றால் இங்கே குற்றம் சாட்டப்பட்டவர், ஊரில் பகையாளி. பழக்கமில்லாத மொழிபெயர்ப்பாளர் "எதிரியைத் தெரியுமா?" என்ற கேள்விக்குப் பகைவன் என்ற சைகையைப் போடுவார். சாட்சி "எனக்கு யாரோடும் பகை இல்லை" என்ற கருத்தில் கையை அசைப்பார். வழக்கேட்டில் ஏறுவது: "எதிரியை எனக்குத் தெரியாது." அடையாளம் காட்டும் சாட்சியம் அதோடு போச்சு.

'விளக்கம்' என்றால் வழக்கு விசாரணை. 'விளக்கமறியல்' என்பது தீர்ப்பு வரும்வரை மறியலில் வைத்திருப்பது. இரண்டையும் விளங்கப்படுத்துதல் என்று சைகை செய்தவர்கள் உண்டு. தவணை, பிணை, பிடியாணை, ஒத்திவைப்பு, குற்ற ஒப்புதல், சமரசம் என்று ஒரு இருபது சொற்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு கிழமை முன்பே கொடுங்கள். அதில் வழக்கின் விபரம் எதுவும் இருக்கக் கூடாது.

பெயர்களுக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். காது கேளாதவர்கள் ஆட்களைப் பெயரால் குறிப்பதில்லை. கன்னத்து மருவைத் தொட்டால் சின்னையா, தாடியை நீவினால் பக்கத்துக் கடைக்காரர். உறவு முறையில் இன்னும் கவனம். மூத்த ஆண் உறவினர் என்று சாட்சி காட்டியதை மொழிபெயர்ப்பாளர் "மாமா" என்றால், அது தாயின் சகோதரனா, மனைவியின் தகப்பனா என்று பிறகு அடிபட வேண்டி வரும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளையானால் காக்கா, ராத்தா, சாச்சா என்று வீட்டில் வழங்கும் முறையோடு தாளைத் தயாரியுங்கள். எந்தச் சைகை யாரைக் குறிக்கிறது என்ற அந்தத் தாளை மற்றத் தரப்புக்கும் கொடுங்கள். ஒளித்து வைத்தால் "சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்" என்பார்கள்.

தவணையன்று

காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை சின்னது, தவறினால் பெரியது. வழக்கைக் கூப்பிடும்போது வாசலில் நின்று பெயரை உரக்கச் சொல்வார்கள். காது கேளாதவர் வெளியே மரத்தடியில் இருப்பார், அவருக்கு எதுவும் தெரியாது. வரவில்லை என்று பிடியாணை பிறந்துவிடும். ஆகவே நீதிமன்றம் கூடுமுன் முதலியாரிடமும் வாசலில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரிடமும் ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். கூட வந்தவர்களில் ஒருவர் உள்ளே, ஒருவர் அவர் பக்கத்தில்.

மொழிபெயர்ப்பாளரும் அவரும் பத்து நிமிடம் கதைத்துப் பார்க்கட்டும். வந்த பஸ், காலைச் சாப்பாடு, பிள்ளைகள். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், இரு தரப்புச் சட்டத்தரணிகளுக்கும் தெரிந்தே நடக்கட்டும். விளங்கவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் அதை மன்றில் சொல்ல வேண்டும். "சமாளிக்கலாம்" என்று தொடங்குகிறவரே அதிகம் சேதம் செய்கிறார்.

சாட்சிக் கூண்டின் பலகை நெஞ்சு வரை உயர்ந்திருந்தால் கைகள் அதற்குள் மறைந்துவிடும். கூண்டுக்கு வெளியே, நீதவானுக்கு முகம் தெரிய நிற்க அனுமதி கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்கு நேர் எதிரே ஐந்தாறு அடி தூரத்தில், கேள்வி கேட்கும் சட்டத்தரணிக்குப் பக்கத்தில் நின்றால் சாட்சிக்கு இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் யன்னல் இருக்கக் கூடாது. மட்டக்களப்பு வெயிலில் யன்னலை முதுகில் வைத்து நிற்பவர் வெறும் நிழல் உருவம்தான். உடுப்பு பூவோ கட்டமோ இல்லாத ஒற்றை நிறமாக, தோல் நிறத்திலிருந்து வேறுபட்டதாக இருக்கட்டும். கண்ணாடி வளையலும் பெரிய மோதிரமும் அன்றைக்கு வேண்டாம்.

சட்டத்தரணி சாட்சியைப் பார்த்தே கேட்க வேண்டும். "அவரிடம் கேளுங்கள், அவர் எங்கே போனார் என்று" எனக் கேட்டால் யார் எவர் என்று பதிவிலேயே குழம்பும். ஒருவர் முடித்த பிறகு மற்றவர். ஆட்சேபனை எழுந்தால் அதையும் சைகையில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தான் ஏதோ பிழை சொல்லிவிட்டேன் என்று சாட்சி நினைத்துப் பதிலை மாற்றுவார். அரை மணி நேரத்துக்கு மேல் தனியே மொழிபெயர்த்தால் கை ஓயுமுன் மூளை ஓய்ந்துவிடும், பிழைகள் வருவது அவருக்கே தெரியாது.

கேள்வி எப்படி இருக்க வேண்டும்

தலையாட்டல் பதில் அல்ல. காது கேளாதவர் கேள்வியின் நடுவில் தலையாட்டினால் "பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ" என்பதுதான் பெரும்பாலும். அதை "ஆம்" என்று பதிந்தால், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவராகிவிடுவார். கேள்வி முடிந்த பிறகு கையால் வந்த பதிலை மட்டுமே பதியும்படி ஆரம்பத்திலேயே மன்றைக் கேளுங்கள்.

எதிர்மறைக் கேள்வி அடுத்த பொறி. "நீங்கள் அன்றிரவு வயலுக்குப் போகவில்லை, அப்படித்தானே?" என்ற கேள்விக்கு "ஓம்" வந்தால் போனாரா போகவில்லையா? தமிழில் காது கேட்பவருக்கே இது சிக்கல். "போனீர்களா? போகவில்லையா? எது?" என்று இரண்டு விரலில் பிரித்துக் காட்டிக் கேட்க வேண்டும்.

சட்டத்தரணிகளுக்குச் சட்டென்று விளங்காதது ஒன்று. "தாக்கினாரா?" என்ற சொல்லைச் சைகையில் பொதுவாகச் சொல்ல முடியாது. குத்துவதா, அறைவதா, பொல்லால் அடிப்பதா என்று கை ஏதாவது ஒரு வடிவம் எடுத்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பொல்லால் அடிப்பதைக் காட்டிக் கேட்டு, சாட்சி ஓம் என்றால், பொல் என்ற ஆயுதம் சாட்சியின் வாயில் வைக்கப்பட்டதாகிவிடும். 'ஆயுதம்' என்ற சொல்லுக்கும் இதே கதை. கத்தியைக் காட்டாமல், துவக்கைக் காட்டாமல் எப்படிக் கேட்பது? இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தானாக ஒரு வடிவத்தைத் தெரிவு செய்யாமல், "இந்தச் சொல்லை விதம் காட்டாமல் கேட்க முடியாது" என்று மன்றில் சொல்ல வேண்டும். சட்டத்தரணி கேள்வியை மாற்றலாம்: "அவர் உங்களுக்கு என்ன செய்தார்?" சாட்சி தானே கையால் காட்டட்டும். அது எந்த விவரிப்பையும்விடப் பலமான சாட்சியம்.

திகதி கேட்டால் வீட்டுச் சைகைக்காரரிடம் பதில் வராது. கலண்டரைக் காட்டலாம், ஆனால் ஆண்டுகள் கடந்த சம்பவத்துக்கு ஊரின் காலக் கணக்கே உதவும்: பெரும்போக வெட்டுக்கு முன்னா பின்னா, மாமாங்கத் தீர்த்தம் முடிந்ததா, நோன்புப் பெருநாளுக்குப் புது உடுப்பு வாங்கியிருந்ததா, சுனாமி நேரம் தன் உயரம் எவ்வளவு. எப்போதும் இரண்டு தெரிவாவது கொடுங்கள், ஒன்றை மட்டும் காட்டினால் அதற்கே தலையாட்டுவார். தூரத்துக்கும் அப்படித்தான், மன்றுக்குள்ளேயே ஓர் இடத்தைச் சுட்டச் சொல்லி அளந்து பதியலாம். வீட்டின் படத்தைக் கீறிக் காட்டினால் அந்தத் தாளை ஆவணமாக அடையாளமிட மறக்காதீர்கள்.

பதிவில் என்ன இருக்க வேண்டும்

மோசமான பதிவு இப்படி இருக்கும்: "எதிரி என் கழுத்தை நெரித்தார்."

நல்ல பதிவு இப்படி: "சாட்சி கன்னத்தைத் தொட்டுக் காட்டிக் கூண்டில் நிற்பவரைச் சுட்டுகிறார். இரு கைகளாலும் தன் கழுத்தைப் பிடித்துக் காட்டுகிறார். மொழிபெயர்ப்பு: இவர் என் கழுத்தைப் பிடித்தார்."

இரண்டாவதில் கை செய்ததும் மொழிபெயர்த்ததும் தனித்தனியாக நிற்கின்றன. நெரித்தாரா பிடித்தாரா என்று மேல் நீதிமன்றம் தானே எடை போடலாம். ஒவ்வொரு பதிலுக்கும் இப்படி எழுத நேரம் போதாது. ஆளை அடையாளம் காட்டும் இடம், செயலைக் காட்டும் இடம், ஆயுதம், உடலில் தொட்ட இடம் ஆகிய நான்குக்கும் கேட்டால் போதும்.

சைகை தெரிந்த இன்னொருவரைப் பார்வையாளர் வாங்கில் இருத்துங்கள். பிழை கண்டால் குறிப்பெழுதிச் சட்டத்தரணியிடம் கொடுப்பார். அன்றே, அந்த இடத்திலேயே எழும்பிச் சொன்னால்தான் பதிவில் திருத்தம் ஏறும்.

அம்பாறை நகரில் போல விசாரணை சிங்களத்தில் நடந்தால், சிங்களம் தமிழாகி, தமிழ் சைகையாகி, அதே வழியாகத் திரும்பி வர வேண்டும். ஒரு கேள்விக்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும் என்று தவணை குறிக்கும்போதே சொல்லி, அன்றைக்கு வேறு சாட்சி வேண்டாம் என்று கேளுங்கள். சிங்களமும் சைகையும் நேரடியாகத் தெரிந்தவர் கிடைத்தாலும், சாட்சியின் சைகை தமிழ்ப் பாடசாலைச் சைகை என்றால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சட்டத்தரணி வராத இடங்களும் சத்தியக்கடதாசியும்

முஸ்லிம் திருமண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்ற முடியாது. மத்தியஸ்த சபையிலும் அப்படித்தான். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ காது கேளாத மனைவி தாபரிப்புக் கேட்டுப் போனால், பக்கத்தில் இருப்பது தகப்பனோ கணவனின் ஆளோதான். வெளி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கடிதம் எழுதி முன்கூட்டியே கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

காணிப் பிணக்குக்கு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் போகும் வழக்குகள் பெரும்பாலும் சத்தியக்கடதாசியிலேயே முடிந்துவிடும். வாசிக்கத் தெரியாதவர் சத்தியக்கடதாசி செய்தால், அது அவருடைய மொழியில் விளக்கப்பட்டது, அவர் விளங்கியதாகத் தோன்றியது, தன் முன்னிலையில் ஒப்பமிட்டார் என்று சமாதான நீதவான் அல்லது சத்திய ஆணையாளர் முடிவுரையில் எழுத வேண்டும் என்பது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 439ஆம் பிரிவு. "வாசித்து விளக்கப்பட்டது" என்ற அச்சடித்த வரி காது கேளாதவருக்குப் பொருந்தாது. அதை வெட்டி, "இன்னார் மூலம் சைகையில் விளக்கப்பட்டது" என்று எழுதுவித்து, அந்த இன்னாரின் ஒப்பத்தையும் முகவரியையும் கீழே வாங்குங்கள்.

பிணை கிடைத்த நாளில் எல்லாரும் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கட்டளையில் "ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு காவல் நிலையத்தில் ஒப்பமிட வேண்டும்" என்று இருக்கும். அது கூண்டில் நின்றவருக்குச் சைகையில் போயிருக்காது. மொழிபெயர்ப்பாளர் கிளம்புமுன் அவரை நிறுத்தி, கட்டளையை வரி வரியாகச் சொல்லச் செய்யுங்கள். அடுத்த தவணைத் திகதியையும் பன்னிரண்டு ஞாயிறுகளையும் சுவர்க் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பொலிஸ் தொப்பி கீறினால் போதும், எழுத்து வேண்டியதில்லை.